அப்பீலும் றிஜெக்ட், ஃபெடரல் கோட்டுக்குப் போக 10 நாள்தான் இருக்கு. ஆராவது அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ

ஸ்காபரோ_அக்கா

எல்லாருக்கும் வணக்கம். என்ர சின்னம்மான்ர மகன் 2022இல கனடாவுக்கு வந்தவன், எங்கட வீட்டு பேஸ்மென்றிலதான் இருக்கிறான். ஊரில சிஐடி பிடிச்சுக்கொண்டு போய் வைச்சிருந்து அடிச்சது, முதுகில தழும்பு இருக்கு, நித்திரையில இப்பவும் கத்துவான். றிஃபியூஜி போட் முதல் கேஸை நம்பேல்லை எண்டு தள்ளிட்டுது, பிறகு ஒரு கன்சல்ரன்ற் மூலமா அப்பீல் டிவிஷனுக்குப் போனது, அதுவும் 5 நாளுக்கு முதல் ஈமெயிலில றிஜெக்ட் எண்டு வந்திட்டுது. 19 பக்கம். எங்களுக்கு வாசிக்கவே கை நடுங்குது.

இனி ஃபெடரல் கோட்டில ஜுடிஷல் றிவியூ எண்டு ஒண்டு போடலாமாம், 15 நாளுக்குள்ள போடவேணுமாம், அப்ப மிச்சம் 10 நாள். தம்பி ஊருக்கு ஃபோன் பண்ணி ஜேபி (சமாதான நீதவான்) கடிதம், கோயில் ஐயர் கடிதம், கிராம சேவகர் கடிதம் எல்லாம் எடுக்கச் சொல்லி சின்னம்மாவை ஓட விட்டிருக்கிறான். ஜட்ஜுக்கு முன்னால தன்ர கதையைத் திரும்ப ஒருக்கா சொல்லக் கிடைச்சா நம்புவினம் எண்டு அவன் நினைக்கிறான். அப்பிடித்தானோ? லீவ் எண்டும் ஏதோ சொல்லுகினம், அது என்ன? கேஸ் நடக்கேக்க பிடிச்சு அனுப்பிப்போடுவினமோ? தெரிஞ்சவை தயவு செய்து சொல்லுங்கோ.

வல்வெட்டி_பெடியன்

அக்கா, முதல்ல திகதியைக் கணக்கெடுங்கோ. ஈமெயில் வந்த நாளை ஒரு தாளில எழுதி ஃபிறிட்ஜில ஒட்டுங்கோ, நாங்கள் அப்பிடித்தான் செய்தனாங்கள். 15 நாள் எண்டா 15 நாள்தான். பிந்தினா எக்ஸ்ரென்ஷன் கேக்கலாம்தான், ஆனா பெரிய வித்தியாசம் இருக்கு: நேரத்துக்கு ஃபைல் பண்ணினா அப்பீல் டிவிஷன் முடிவுக்கு எதிரான கேஸ் முடியும் வரைக்கும் அனுப்பிறது தானாவே நிக்கும், அதை ஒட்டோமற்றிக் ஸ்டே எண்டு சொல்லுறவை. சீரியஸ் கிறிமினல் விஷயம் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, உங்கட தம்பிக்கு அது இல்லையெண்டு நினைக்கிறன். எக்ஸ்ரென்ஷன் கேட்டுப் போனா அந்த தானா வாற ஸ்டே இல்லை. பிறகு தனியா கோட்டில ஸ்டே மோஷன் போடவேணும், அது இன்னொரு செலவு, இன்னொரு நெஞ்சிடி.

ரெண்டாவது, அந்த கன்சல்ரன்ற்றோட இனி ஓடாதைங்கோ. கன்சல்ரன்ற் றிஃபியூஜி போட்டில வந்து நிக்கலாம், ஃபெடரல் கோட்டில நிக்கேலாது, அங்க லோயர்தான். உடன ஆள் பிடியுங்கோ. கோட் ஃபீஸ் 50 டொலர்தான், லோயர் காசுதான் பெருசு. காசு இல்லையெண்டா லீகல் எயிட் ஒன்ராறியோவுக்கு இண்டைக்கே கோல் எடுங்கோ, அவை கேஸில விஷயம் இருக்கோ எண்டு பாத்துத்தான் தருவினம், அதுக்கும் நாள் போகும்.

லீவ் எண்டது அனுமதி அக்கா. ஃபெடரல் கோட்டுக்கு நேர போய் நிண்டு கதைக்கேலாது, முதல்ல "இந்தக் கேஸைக் கேக்கலாமோ" எண்டு ஒரு ஜட்ஜ் பேப்பரில மட்டும் பாத்து முடிவெடுப்பார். தம்பியைக் கூப்பிட மாட்டினம், லோயரையும் கூப்பிட மாட்டினம். எனக்கு 2016இல லீவ் கிடைக்கேல்லை. ஒரு பக்கத்தில ஒரு வரி, தள்ளுபடி எண்டு, காரணம் ஒண்டும் எழுதியிருக்கேல்லை, அதுக்கு மேல அப்பீலும் இல்லை. அந்த ஒரு வரிக்காக எட்டு மாசம் காத்திருந்தனான். அதாலதான் சொல்லுறன், முதல் தடவையே ஒழுங்காப் போடுங்கோ.

மார்க்கம்_மாமா

தங்கச்சி பயப்பிடாதைங்கோ. கடிதங்களை விடாதைங்கோ, எவ்வளவு கடிதம் கூட இருக்கோ அவ்வளவு நல்லது. இங்க எம்பியிட்டயும் ஒரு கடிதம் வாங்குங்கோ, எல்லாத்தையும் சேத்து ஜட்ஜிட்ட குடுத்தா மனம் இரங்குவார். என்ர மருமகனுக்கு அப்பிடித்தான் சரி வந்தது.

கோட்_கிளாக்

மார்க்கம் மாமா நல்ல மனசோடதான் சொல்லுறார், ஆனா அக்கா, இந்த இடத்தில அது பிழைச்சுப் போகும். மருமகனுக்குச் சரி வந்தது அனேகமா மனிதாபிமான விண்ணப்பமா, அதாவது இரக்கம் பாத்து இங்க இருக்க விடச் சொல்லிக் கேக்கிறதா இருக்கும், அங்க கடிதம் எல்லாம் எடுபடும். நான் ஒரு இமிகிறேஷன் லோ ஒஃபிசில கிளாக்கா இருக்கிறன், லோயர் இல்லை, அதால இதை சட்ட ஆலோசனையா எடுக்காமல் லோயரிட்ட என்ன கேக்கோணும் எண்டு தெரிஞ்சுகொள்ளுறதுக்கு வாசியுங்கோ.

ஜுடிஷல் றிவியூவில தம்பி உண்மை சொல்லுறானோ இல்லையோ எண்டு ஜட்ஜ் திரும்ப விசாரிக்க மாட்டார். அவருக்கு முன்னால இருக்கிறது அந்த 19 பக்க முடிவு, அதை எழுதின ஆளின்ர கையில அப்ப என்னென்ன பேப்பர் இருந்ததோ அந்தப் பேப்பர், அவ்வளவுதான். அந்தப் பேப்பரை வைச்சுக்கொண்டு இப்பிடி ஒரு முடிவுக்கு வந்தது நியாயமோ, காரணம் ஒண்டோடொண்டு ஒட்டுதோ, முக்கியமான சாட்சியத்தைப் பாக்காமல் தாண்டிப் போட்டினமோ, இதுதான் கேள்வி. இண்டைக்கு ஊரில இருந்து வாற ஜேபி கடிதம் அந்த முடிவை எழுதின மெம்பருக்கு முன்னால இருக்கேல்லை, அதால பெரும்பாலும் ஜட்ஜ் அதைத் தொடவே மாட்டார். விதிவிலக்கு, நடைமுறை நியாயமில்லாமல் நடந்தது எண்டு காட்டுறதுக்கு வைக்கிற சத்தியக்கடதாசி மாதிரி ஒண்டிரண்டுதான். சின்னம்மாவை வெயிலுக்க ஓட விடாமல் தம்பியை இங்க மேசையில இருத்தி அந்த 19 பக்கத்தையும் வரி வரியா வாசிக்கச் சொல்லுங்கோ. பக்கத்துப் பக்கம் "இது நான் சொல்லேல்லை", "இதுக்கு இந்தப் பேப்பர் குடுத்தனான்" எண்டு தமிழில குறிக்கட்டும். எங்கட ஒஃபிசுக்கு அப்பிடிக் குறிச்சுக்கொண்டு வாற ஆக்களின்ர கேஸ்தான் கெதியா பிடிபடும்.

2019 மார்கழியில சுப்ரீம் கோட் வாவிலோவ் எண்ட கேஸில சொன்னது இப்ப எல்லா லோயரும் தூக்கிக்கொண்டு போறது: முடிவெடுக்கிற ஆள் காரணத்தை ஒழுங்கா விளக்கோணும், கட்சிக்காரர் முன்வைச்ச முக்கியமான வாதத்துக்கு முகம் குடுக்கோணும், ஒரு மனுசனுக்கு வரக்கூடிய பாதிப்பு எவ்வளவு பெருசோ அவ்வளவுக்கு அந்த விளக்கமும் கனமா இருக்கோணும். திருப்பி அனுப்பினா அடி விழுமோ எண்ட கேஸைவிட பெரிய பாதிப்பு என்ன இருக்கு.

இன்னொண்டு பாருங்கோ, குடிவரவுச் சட்டத்தில ரெண்டு பிரிவு இருக்கு. செக்‌ஷன் 96 றிஃபியூஜி, செக்‌ஷன் 97 சித்திரவதை, உயிராபத்து. ரெண்டும் வேற வேற கதவு. 96க்கு இனம், அரசியல் கருத்து மாதிரி ஒரு காரணம் வேணும், ஆனா ஆபத்து "பாரதூரமான சாத்தியம்" எண்டாலே காணும். 97க்கு அந்தக் காரணம் தேவையில்லை, ஆனா நடக்கிறதுக்குத்தான் வாய்ப்புக் கூட எண்டு காட்டோணும், கூடக் கஷ்டம். பல முடிவுகளில என்ன செய்யிறவை எண்டா, ஆளை நம்பேல்லை, ஆனபடியால் 97உம் இல்லை எண்டு ஒரே வசனத்தில முடிச்சுப்போடுவினம். ஆளின்ர வாய்மொழியை விட்டுப்போட்டு தனிய நிக்கக்கூடிய சாட்சியம், டொக்டர் றிப்போட், தழும்புப் படம், நாட்டு நிலவர அறிக்கை எண்டு ஏதும் இருந்தா, 97ஐத் தனியாப் பாக்காமல் விட்டது பிழை எண்டு வாதிக்க இடம் இருக்கு. உங்கட முடிவில 97க்கு எத்தினை பந்தி எழுதியிருக்கினம் எண்டு எண்ணிப் பாத்துச் சொல்லுங்கோ.

அதோட கொழும்பில போய் இருக்கலாம்தானே எண்டு எங்கயாவது எழுதியிருக்கோ எண்டும் பாருங்கோ. நாட்டுக்குள்ளயே வேற இடத்தில பாதுகாப்பா இருக்கலாமோ எண்டு பாக்கிற சட்டமே எங்கட ஆக்களின்ர கேஸாலதான் கனடாவில எழுதப்பட்டது, 1991இல முடிவான ரசரத்தினம் கேஸ், 1993இல திருநாவுக்கரசு கேஸ். ஆப்கான்காரர், நைஜீரியாக்காரர் எண்டு ஆற்ற ஃபைலைத் திறந்தாலும் உள்ளுக்க இந்த ரெண்டு யாழ்ப்பாணப் பேரும் இருக்கும். முதல் முதல் வேலைக்குச் சேந்த கிழமை அதைப் பாத்திட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தனான்.

வெண்டா என்ன கிடைக்கும் எண்டதையும் தம்பிக்கு இப்பவே சொல்லிவையுங்கோ. ஜட்ஜ் ஸ்ரேற்றஸ் தர மாட்டார். அந்த முடிவை உடைச்சுப்போட்டு, வேற ஒரு மெம்பர் திரும்பப் பாக்கட்டும் எண்டு அனுப்புவார். அவ்வளவுதான். ஆனா அந்த அவ்வளவுதான் பெரிய விஷயம்.

மார்க்கம்_மாமா

கோட் கிளாக் சொன்னது விளங்குது தம்பி, நன்றி. மருமகன்ர கேஸ் நீங்கள் சொன்ன அந்த மனிதாபிமானம்தான், இப்ப மகளிட்ட கேட்டனான். தங்கச்சி, நான் சொன்னதை விடுங்கோ. லோயரிட்டப் போக கார் வேணுமெண்டா சொல்லுங்கோ, நான் வேலை விட்டிட்டன், வீட்டிலதான் நிக்கிறன்.

இன்ரர்பிறெற்றர்_தங்கம்

நான் 14 வருசமா ஹியரிங்குகளில மொழிபெயர்க்கிறன். அக்கா ஒரு கேள்வி, தம்பியை நம்பேல்லை எண்டதுக்கு என்ன காரணம் எழுதியிருக்கினம்? திகதி, நாள் கணக்கு, சொந்தக்காரர் விஷயம் ஏதும் முரண்பாடு எண்டு எழுதியிருந்தா ஹியரிங் ஓடியோவை எடுத்துக் கேளுங்கோ. கட்டாயம் கேளுங்கோ.

ஏன் சொல்லுறன் எண்டா, மொழிபெயர்க்கிற ஆள் தமிழ்தான், ஆனா எந்தத் தமிழ் எண்டது கேள்வி. நாங்கள் பங்குனி எண்டு சொன்னா மார்ச் மாசம், 1ஆம் திகதியில இருந்து 31 வரைக்கும். தமிழ்நாட்டு ஆளுக்கு பங்குனி மார்ச் நடுவில தொடங்கி ஏப்ரல் நடுவில முடியும், அவர் அதை ஏப்ரல் எண்டு சொல்லிப்போடலாம். நாங்கள் பெரியப்பான்ர மகனையும் அண்ணா எண்டுதான் சொல்லுவம், அது "பிறதர்" எண்டு இங்கிலிஷில போகும், ஃபோமில சகோதரம் இல்லை எண்டு இருக்கும், மெம்பர் உடன பேனையை எடுப்பார். கிழமை எண்டா எங்களுக்கு ஏழு நாள். அங்க கிழமை எண்டா திங்கள், செவ்வாய் எண்ட நாள். வெளிக்கிட்டான், பேந்து, கதைச்சவங்கள், இதெல்லாம் அந்தரத்தில நிக்கிற சொல்லு, தெரியாத ஆள் தன்ர அனுமானத்தை நிரப்பிப்போடுவார், வேணுமெண்டு செய்யிறதில்லை, நேரம் ஓடிக்கொண்டிருக்கும், மெம்பர் பாத்துக்கொண்டிருப்பார்.

தம்பிமார் அதைக் கவனிக்காததுக்கும் காரணம் இருக்கு. இங்கிலிஷ் விளங்காது, அதோட தன்ர முதுகில விழுந்த அடியைப் பற்றிச் சொல்லுற நேரம் ஆரும் மொழிபெயர்ப்பைச் செக் பண்ணிக்கொண்டு இருக்க மாட்டினம்.

ஒரு சிக்கல் இருக்கு, ஒளிக்காமல் சொல்லவேணும். மொழிபெயர்ப்புப் பிழை எண்டா முதல் கிடைக்கிற சந்தர்ப்பத்திலயே சொல்லியிருக்கோணும் எண்டு ஃபெடரல் அப்பீல் கோட் 2001இலயே சொல்லிப்போட்டுது. அப்பீலில அந்தக் கன்சல்ரன்ற் இதை எழுதினவரோ எண்டு பாருங்கோ.

ஈஸ்ற்ஹாம்_ராசன்

லண்டனில இருந்து எழுதுறன், இங்கத்தைய சட்டம் வேற, அதால கனடா நடைமுறை நான் சொல்ல வரேல்லை. ஆனா தழும்பு எண்டு எழுதியிருக்கிறியள், அதால ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன்.

இங்க கேவி எண்டு இனிஷலில போன ஒரு தமிழ்ப் பெடியன்ர கேஸ் 2019 பங்குனியில சுப்ரீம் கோட்டுக்குப் போனது. முதுகிலயும் கையிலயும் காய்ச்சின இரும்புக் கம்பியால சுட்ட தழும்பு. காயம் உண்மைதான், ஆனா அதைத் தானே சொல்லி ஆற்றயோ கையால சுடுவிச்சுக்கொண்டு வந்திருக்கலாம் எண்டு ட்ரிபியூனல் எழுதினது. மயக்க மருந்து குடுத்து, முதுகில, தன்ர விருப்பத்தோட. வாசிக்கேக்க எனக்கு வயித்தைப் பிரட்டினது. அஞ்சு ஜட்ஜும் ஒருமிச்சுச் சொன்னது, டொக்டர் தழும்பைப் பாத்திட்டு இது சித்திரவதைக் கதையோட எவ்வளவு பொருந்துது எண்டு கருத்துச் சொல்லுறது அவற்ற வேலைக்குள்ள வாற விஷயம்தான், ஒரு ஆள் அப்பிடித் தன்னையே சுடுவிக்கிறது மிக மிக அரிது எண்டதையும் பாரமா எடுக்கோணும் எண்டு. கேஸ் திரும்பிப் போனது.

அந்த டொக்டர் எழுதினது இஸ்தான்புல் புறொட்டகோல் எண்ட ஐநா வழிகாட்டியின்படி. எது "பொருந்துது", எது "மிகவும் பொருந்துது" எண்டு படிப்படியா எழுதுற முறை அது. உங்கட தம்பிக்கு எழுதின டொக்டர் எப்பிடி எழுதினவர் எண்டு பாருங்கோ. எங்கட பக்கம் ஃபமிலி டொக்டர் "முதுகில பழைய தழும்பு உண்டு" எண்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்து கேஸ் கெட்டது கனக்க இருக்கு.

கோட்_கிளாக்

ராசன் அண்ணை நல்ல விஷயம் எடுத்துத் தந்தியள். ரொறொன்ரோவில சித்திரவதைக்கு ஆளானவைக்கான மையம் ஒண்டு, சிசிவிரி எண்டு 1977இல இருந்து இயங்குது அக்கா. கேஸுக்கு மட்டுமில்லை, அந்த நித்திரையில கத்துறதுக்கும் அங்க ஆள் இருக்கு. இப்ப எடுக்கிற புது றிப்போட் இந்த ஜுடிஷல் றிவியூவுக்கு உதவாது, ஆனா கேஸ் திரும்பி அப்பீல் டிவிஷனுக்குப் போனாலும், இல்லை பிறகு பிஆர்ஆர்ஏ, அதாவது நாட்டை விட்டு அனுப்ப முதல் ஆபத்து இருக்கோ எண்டு பாக்கச் சொல்லிக் கேக்கிற விண்ணப்பம், போடவேண்டி வந்தாலும் தேவைப்படும். பிஆர்ஆர்ஏக்கு பொதுவா கடைசி முடிவு வந்து 12 மாசம் பொறுக்கோணும், அதையும் மனசில வைச்சிருங்கோ.

மனோதத்துவ றிப்போட்டை "நேர கண்டதில்லை, ஆள் சொன்னதைக் கேட்டு எழுதினது" எண்டு தள்ளியிருந்தா 2015 கந்தசாமி கேஸை லோயரிட்ட சொல்லுங்கோ. அதுவும் எங்கட பெடியன், பதின்ம வயசில வந்தவன். அது மனிதாபிமான விண்ணப்பக் கேஸ்தான், எண்டாலும் ஒரு நிபுணர் ஆள் சொன்னதைக் கேட்டுத்தானே எழுதுவார், அதுக்காக றிப்போட்டைக் குறைக்கேலாது எண்டு சுப்ரீம் கோட் சொன்னது மற்ற ஃபைல்களிலயும் எடுத்துக் காட்டுறவை.

ஸ்காபரோ_அக்கா

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை. ஒரு கிழமைக்கு மேலா நான் இங்க எழுதேல்லை, அதுக்குள்ள நடந்ததைச் சொல்லுறன்.

கோட் கிளாக் சொன்ன மாதிரி தம்பியை மேசையில இருத்தினனான். 97க்கு ஒரே ஒரு பந்தி, ரெண்டு வசனம். நம்பாததுக்கு முதல் காரணம் என்ன எண்டா, ஃபோமில 14 நாள் வைச்சிருந்தது எண்டு இருக்கு, ஹியரிங்கில 2 நாள் எண்டு சொன்னவன், இது கேஸின்ர நடுப்பகுதி, இதில ஒரு ஆள் பிழை விட மாட்டான் எண்டு எழுதியிருக்கு. தம்பி அந்த வரியில விரலை வைச்சுக்கொண்டு "நான் ரெண்டு நாள் எண்டு சொல்லவே இல்லை அக்கா" எண்டு திரும்பத் திரும்பச் சொன்னவன். உண்மையைச் சொன்னா எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

கன்சல்ரன்ற்றிட்ட ஓடியோ ஃபைலை வாங்கவே மூண்டு தரம் போகவேண்டி வந்தது. மார்க்கம் மாமாதான் கூட்டிக்கொண்டு போனவர். ராத்திரி குசினியில ஃபோனை வைச்சுக் கேட்டம். ஒரு மணித்தியாலம் 12 நிமிசத்தில இருக்கு. "ரெண்டு கிழமை வைச்சிருந்தவங்கள்" எண்டு தம்பியின்ர குரல், தெளிவா. அதுக்குப் பின்னால மொழிபெயர்க்கிற ஆள், "டூ டேய்ஸ்." மெம்பர் திருப்பிக் கேக்கிறா, ரெண்டு நாளோ எண்டு, அவர் தமிழில "ரெண்டு கிழமைதானே?" எண்டு கேக்கிறார், தம்பி "ஓம்" எண்டுறான், இங்கிலிஷில "யெஸ்" எண்டு போகுது. அவன் மூண்டு தரம் போட்டுக் கேட்டான். பிறகு எழும்பி வெளிய போய் ஸ்னோவுக்க நிண்டான், ஜக்கெற்றும் இல்லாமல். என்ர மனுசன்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தவர்.

தங்கம் அக்கா, அப்பீல் பேப்பரில கன்சல்ரன்ற் ஒரு பந்தி எழுதித்தான் இருக்கிறார், மொழிபெயர்ப்பில பிழை இருக்கு, பதிவைக் கேளுங்கோ எண்டு. எந்த நிமிசம், எந்தச் சொல்லு எண்டு ஒண்டும் இல்லை. அதுக்கு அப்பீல் டிவிஷன் எழுதினது ஒரே வசனம், ஹியரிங் தொடக்கத்தில மொழிபெயர்ப்பாளரை விளங்குது எண்டு சொன்னவர்தானே எண்டு. புது லோயர் அந்த இடத்தில பேனையால பெரிய வட்டம் போட்டவ. பதிவு அவையின்ர கையில இருந்தது, தாங்களாவே கேஸ் முழுக்கப் பாக்கவேண்டியது அவையின்ர கடமை, கேக்காமல் ஒரு வசனத்தில தாண்டினது இருக்கே, அதில நிண்டு வாதிக்கலாம் எண்டவ. வெல்லுவம் எண்டு அவ சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை.

13ஆம் நாள் ஃபைல் பண்ணியாச்சு. ஐஎம்எம் எண்டு தொடங்கிற நம்பர் வந்திட்டுது. இனி லோயர் முழு ஃபைலையும் கட்டிக் குடுக்கோணும், முந்தி அதுக்கு 30 நாளாம், 2025 வைகாசியில கோட் 75 நாளாக்கினதாம், எங்களுக்குரிய கடைசித் திகதியை அவ எழுதித் தந்தவ, அதையும் ஃபிறிட்ஜில ஒட்டியாச்சு.

இன்ரர்பிறெற்றர்_தங்கம்

அந்த 1.12ஐ வாசிச்சிட்டு எனக்குக் கை விறைச்சுப்போச்சு. அக்கா, லோயரிட்ட சொல்லி அந்தப் பகுதிக்கு முன்னால 5 நிமிசம், பின்னால 5 நிமிசம் சேத்து வேற ஒரு தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு எழுத்தில எடுத்து சத்தியக்கடதாசியா வையுங்கோ. தமிழையும் தமிழ் எழுத்தில போடச் சொல்லுங்கோ. யாழ்ப்பாணத் தமிழ் தெரிஞ்ச ஆளாப் பாருங்கோ, கிழமை எண்டா என்ன எண்டு அவரே ஒரு பந்தியில விளக்கி எழுதலாம். சொந்தக்காரர் ஆரும் மொழிபெயர்க்கக் கூடாது.

வல்வெட்டி_பெடியன்

நல்லது அக்கா. அந்த ஐஎம்எம் நம்பர் உள்ள பேப்பரை ஒரு ஃபோட்டோ எடுத்து தம்பியின்ர ஃபோனில வையுங்கோ, ஒரு கொப்பி பேர்ஸுக்குள்ள. ஆக்களை நாட்டை விட்டு அனுப்பிற எல்லைச் சேவைக்காரர், சிபிஎஸ்ஏ, இன்ரர்வியூவுக்குக் கடிதம் அனுப்பினா போகாமல் விடாதைங்கோ, லோயருக்குச் சொல்லிப்போட்டு இதையும் கொண்டு போகட்டும். வேர்க் பேமிட் எப்ப முடியுது எண்டும் இண்டைக்கே எடுத்துப் பாருங்கோ, முடியிறதுக்கு முதல் புதுப்பிக்கிறதைப் பற்றி லோயரிட்டக் கேட்டு வையுங்கோ. சனிக்கிழமை நான் ஸ்காபரோ பக்கம் வாறன், தம்பி விரும்பினா ஒரு தேத்தண்ணி குடிச்சுக் கதைப்பம்.